மதினி கூட்டிப்போன பிரெஞ்சுக் கடை

சாரல் தொடங்கியதும் ஒரு வேலை நாளாகப் பார்த்து நானும் என் சிநேகிதியும் குற்றாலத்துக்குக் குளிக்கப் போவோம். மேலகரத்தில் ஒரே தையல் கடையில், பக்கத்துப் பக்கத்து மிஷினில், இருபது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவர்கள் நாங்கள். பாறை வழுக்குமோ, பை திருடு போகுமோ என்று நான் பயந்துகொண்டே இருப்பேன். அவள்தான் என் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவள் எனக்கு மட்டும்தான்.

இந்த வருஷம் மூன்றாவது ஆளாக அவளுடைய சம்பந்தி வந்தாள். சிநேகிதியின் மகளுக்குப் பேசி முடித்திருக்கிற மாப்பிள்ளையின் அம்மா, பாளையங்கோட்டைக்காரி. நிச்சயம் ஆகிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் மதினி, மதினி என்று இருவரும் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு விரலில் ஊசி ஏறின மாதிரி இருந்தது. அருவியில் சிநேகிதி பிடித்திருந்தது மதினியின் கையை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குளித்துவிட்டு வந்தால் வயிறு கபகபவென்று எரியும். வழக்கமாகத் தலை சொட்டச் சொட்ட ரோட்டோரத்தில் நின்று சுடச்சுட எதையாவது தின்போம். சம்பந்தியோ, தென்காசி ரோட்டில் புதிதாக ஒரு பிரெஞ்சு ஓட்டல் வந்திருக்கிறதாம், மகன் சொன்னான், அங்கே போகலாம் என்றாள். அவள் காரிலேயே போனோம்.

உள்ளே ஏசி. துணி மாற்றியிருந்தாலும் தலையிலிருந்த ஈரம் முதுகில் இறங்கியது. மெத்தை நாற்காலி நனைந்தால் திட்டுவார்களோ என்று நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன். மெனு அட்டை முழுக்க இங்கிலீஷ், அதுவும் சாய்ந்த எழுத்து. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் சம்பந்தி மூன்று பேருக்கும் சொல்லிவிட்டாள்.

வெங்காய சூப் வந்தது. மேலே ஒரு ரொட்டித் துண்டு ஊறிக் கிடந்தது, கீழே சூடே இல்லை. பிறகு ஏதோ குழம்பில் இரண்டு கோழித் துண்டும், கடித்தால் பல் ஆடுகிற மாதிரி ஒரு ரொட்டியும். அவ்வளவுதான் சாப்பாடு.

என் சிநேகிதி, வடையில் எண்ணெய் நாறினால் தட்டோடு கொண்டுபோய்க் கடைக்கார அண்ணாச்சி முன்னால் வைத்துவிட்டு வருகிறவள். இப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தேன். அவள் கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு, ரொம்ப நல்லாருக்கு மதினி என்றாள்.

பெண்ணைக் கொடுக்கிற இடத்தில் அப்படித்தான் பேச வேண்டும். எனக்கு அது தெரியாமலில்லை. ஆனால் இருபது வருஷத்தில் என் மனசு கோணக் கூடாதென்று அவள் ஒரு பொய் சொன்னதுண்டா? நான் தைத்த ஜாக்கெட்டில் கை சுருங்கியிருந்தால் கடையே கேட்கும்படி சொல்வாள். அந்த எரிச்சலில் வாயை விட்டுவிட்டேன்.

"சூப்பு ஆறிப்போய்க் கெடக்கு. இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்?"

மேஜைக்கு அடியில் சிநேகிதி என் காலை மிதித்தாள். சம்பந்தியின் முகம் சுண்டிவிட்டது. ஒரு கல்யாணத்தையே கெடுத்துவிட்டோமோ என்று பயந்துபோனேன். சிநேகிதிதான் சிரித்துச் சமாளித்தாள்.

"அவ அப்படித்தான் மதினி. எங்க போனாலும் அவளுக்கு ஒரு கொற இருக்கணும்."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். கல்யாணம் தப்பித்தது. நான் குனிந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தேன். என்னை என் தெருமுனையில் இறக்கிவிட்டு, கார் சிநேகிதியின் வீட்டுக்குப் போனது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏட்டி, கோவமா? நீ சொன்னதுதான் நெசம். வாயில வைக்க வெளங்கல. பசி தாங்காம, வீட்டுக்கு வந்ததும் தோசை ஊத்தித் தின்னேன்."

மத்தியானத்திலிருந்து இந்த ஒரு பேச்சுக்குத்தான் காத்திருந்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

"அவளும் தின்னாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவளுக்கு மட்டும் பசிக்காதா? அடுப்படியில ஒக்காந்து நாலு தோசை தின்னா. சூப்பு ஆறித்தான் இருந்துச்சுன்னு அவளே சொல்லுதா. ஒரே சிரிப்பு போ."

அவள் மதினியிடம் பொய் சொன்னபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. இப்போது உள்ளதை உள்ளபடி பேசுகிற அளவுக்கு வந்துவிட்டார்கள். அது என் இடம். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பொங்கிவிடும் என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பை நான் பற்றவைத்திருக்கவே இல்லை.