பெட்டிப் பலகைக் கதவு

“தகடெல்லாம் அடிச்சு வச்சிருக்காங்களேக்கா” என்றார் கொத்தனார். கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசல் நிலைக்குப் பக்கத்தில் திருகியிருந்த பித்தளைத் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார். “நாளைக்கு எவனாவது வந்து என் சட்டையைப் பிடிச்சா நான் என்ன சொல்ல?”

“வீட்டுக்காரிதான் இடிக்கச் சொன்னான்னு சொல்லு.”

“என்ன எழுதியிருக்கு இதுல?”

“பழைய கதவுன்னு எழுதியிருக்கு. இடி.”

அவர் இடிக்கவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். அவள் உள்ளே போய்த் திருப்புளியைக் கொண்டுவந்து, நான்கு திருகாணிகளையும் கழற்றித் தகட்டை வாளிக்குள் போட்டாள். பிறகு கடப்பாரையைத் தானே எடுத்து நிலைக்கும் செங்கலுக்கும் நடுவில் குத்தினாள். முதல் குத்து வழுக்கிக் காரையை மட்டும் உதிர்த்தது. இரண்டாவது இறங்கியது.

“பார்த்து” என்று உள்ளே சக்கர நாற்காலியிலிருந்து அவள் கணவர் குரல் கொடுத்தார். “வீடே சரித்திரமாயிடப் போகுது.”

கொத்தனார் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு வேலையை மறுக்க முடியவில்லை. “குடுங்கக்கா. பல்லு புடுங்கற மாதிரி இடிக்கிறீங்க” என்று கடப்பாரையை வாங்கிக்கொண்டார்.

பல் பிடுங்குவது அவள் வேலை அல்ல. பிடுங்கிய இடத்தில் மாட்டிக்கொள்ளும் பல்செட்டைச் செய்பவள். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய பட்டறை. மெழுகு, அச்சு மாவு, உள்ளங்கையில் அடங்கும் கிரைண்டர், ஈறு நிறத் தூள். கல்யாணமான வருடத்திலிருந்து அதே முக்காலி. அவள் நகங்களுக்குள் எப்போதும் இளஞ்சிவப்புத் தூள் இருக்கும். ஊரில் பாதிக் கிழவர்கள் அவள் செய்து கொடுத்த பல்லாலேயே அவளைத் திட்டுகிறார்கள் என்று கணவர் சொல்வார். வட்டார வரலாற்றுக் கழகத்தில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்று அவள் விசாரித்ததில்லை.

அவளைக் கழகத்துக்குக் கொண்டுபோனது இந்தக் கதவுதான். தெருவில் பன்னிரண்டு வீடுகள், ஒரே சுவர்த் தொடராக. நூல் ஆலை ஒன்று தன் தொழிலாளர்களுக்குக் கட்டியவை. ஆலை மூடி, இடிபட்டு, அந்த இடம் வண்டி நிறுத்தமாகிவிட்டது. வீடுகளை, குடியிருந்தவர்களே வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வீடு அவள் மாமனார் வாங்கியது. ஒரு மழைக்காலத்தில் கதவு உப்பிச் சாத்த முடியாமல் போனபோது, பட்டறையிலிருந்து சுரண்டியைக் கொண்டுவந்து பெயிண்டை அடுக்கடுக்காகச் சுரண்டினாள். கடைசி அடுக்குக்குக் கீழே, மரத்தில் சூடு வைத்துப் பதித்த எண்கள். தலைகீழாக இருந்தன.

யாருக்கும் தெரியவில்லை. மருந்துக் கடை மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிற கழகத்துக்குப் போய்க் கேட்டாள். அவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அதன்பிறகு அவளுடைய ஞாயிறுகள் எல்லாம் அங்கே போயின. கழகம் மாதம் ஒரு தெருவில் நடந்து பார்க்கும், வருடத்துக்கொரு கண்காட்சி போடும், மூன்று மாதத்துக்கொரு இதழ் கொண்டுவரும். எல்லாவற்றிலும் அவள் இருந்தாள். ஆலையின் பழைய இயந்திரம் ஒன்று தொழிற்பள்ளிக் கொட்டகையில் கிடப்பதை நடைகளில் ஒன்றில் கண்டுபிடித்தார்கள். அதன் அடிப்பாகத்தில் அதே வரிசை எண்கள். இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளை அறுத்துத்தான் முதலாளி வீடுகளுக்குக் கதவும் நிலையும் செய்திருக்கிறார். பலகையின் அளவே வாசலின் அளவு.

அதைப் பற்றிக் கழகத்தில் பேசினாள். “மெஷினுக்கு அகலமா வாசல் வச்சான். மனுஷனுக்கு மிச்சத்துல வச்சான்” என்று முடித்தாள். கைதட்டினார்கள். வாழ்க்கையில் அவளுக்கு யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, “என்னைக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா கதவைக் கட்டியிருக்கலாம்” என்றார். அவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் உச்சியில் கிரீஸும் கம்பியுமாக இருந்துவிட்டு வருகிறவருக்கு ஒரு கதவில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. ஆனாலும் அவள் பேச்சு அச்சான இதழை வேலையிடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறார்.

குடியிருப்பைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கச் சொல்லி மரபு வாரியத்துக்கு விண்ணப்பிப்பது என்று கழகம் முடிவெடுத்தபோது முதலில் கை தூக்கியவள் அவள். பன்னிரண்டு வீட்டிலும் ஏறி இறங்கிச் சம்மதம் வாங்கினாள். வாசல்தோறும் கழகம் ஒரு பித்தளைத் தகட்டைத் திருகியது. வாரியம் பார்த்து முடிவு சொல்லும்வரை கதவு, நிலை, சன்னல் எதையும் தொடுவதில்லை என்பது நிபந்தனை. பதிலுக்கு, அறிவிப்பு வந்தால் ஓட்டுக்கூரைகளை வாரியமே மாற்றித் தரும். ஏழாவது வீட்டுக்காரியிடம் கூரை ஒழுகும் அறையில் நின்றுகொண்டு இவள்தான் அதைச் சொன்னாள்.

பிறகு கணவர் வேலையிடத்தில் பக்கவாதம் வந்து விழுந்தார். இடது பக்கம் முழுதும் போய்விட்டது. வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியோடு கொண்டுவந்து வாசலில் நிறுத்திய அன்றுதான், நாற்காலி உள்ளே போகாது என்று தெரிந்தது. இரண்டங்குலம் இடித்தது. ஓட்டுநரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். நாற்காலியை மடக்கிப் பக்கவாட்டில் நுழைத்தார்கள். அப்புறம் அவர் வெளியே வரவில்லை. மருத்துவரையே வீட்டுக்கு வரவழைத்தாள்.

அடுத்த மழை முடிந்த பிறகு கழகத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. செயலாளர் ஒரு காப்பீட்டு முகவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வரும் ஆண்டின் திட்டங்களைப் படித்தார். ஆற்றுப் பாலத்துக்கு ஒரு நடை. பழைய புகைப்படங்களைக் கொண்டுவரும் நாள். ஆலைத் தொழிலாளர்களில் மிச்சமிருக்கிறவர்களின் பேச்சைப் பதிவு செய்வது, “சீக்கிரம் செய்யணும், அவங்க நமக்காகக் காத்திருக்க மாட்டாங்க.” யாரோ சிரித்தார்கள். கடைசியாக, எல்லோரும் எதிர்பார்த்திருந்தது: வாரியத்து அதிகாரிகள் குடியிருப்பைப் பார்வையிட வருகிறார்கள்.

அவள் எழுந்தாள். “என் வீட்டுக் கதவை மட்டும் இதுலேர்ந்து எடுத்துடுங்க. அகலப்படுத்தணும். அவரால வெளிய வர முடியலை.”

“உங்க கதவுதானேக்கா முதல் சான்று” என்றார் தலைவர். மருந்துக் கடைக்காரர் அவர்தான். “எண் தெளிவா இருக்கறது அதுல மட்டும்தான். விண்ணப்பத்துல முதல் பக்கமே அதோட படம்.”

“படத்தை நீங்க வச்சுக்கங்க. கதவை எனக்குக் குடுங்க.”

“பின்வாசல் இருக்குமே?” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“இருக்கு. மூணு படி, அதுக்கப்புறம் சாக்கடை. நீங்க ஒருநாள் நாற்காலில உக்காந்தபடி இறங்கிக் காட்டுங்க. நான் கைதட்டறேன்.”

“அகலம் கம்மியான நாற்காலி வருதாமே?”

“வருது. ஆளும் அகலம் கம்மியா வரணுமே.”

சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க அவள் அதைச் சொல்லவில்லை. தலைவர் கையமர்த்தினார். “நம்ம ஆள் ஒருத்தருக்குக் கஷ்டம்னா கழகம் விட்டுடுமா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ரெண்டு பேர் போய் அவரைத் தூக்கி வெளிய உக்கார வைப்போம். கொஞ்ச நேரம் காத்து வாங்கட்டும். மறுபடி உள்ள வச்சுடுவோம். முறை போட்டுக்கலாம். சம்மதம்னா கை தூக்குங்க.”

எல்லாக் கையும் உயர்ந்தது. செயலாளர் அதை ஆற்றுப் பாலத்துக்குக் கீழே எழுதிக்கொண்டார். அவள் உட்கார்ந்தாள். தன் மடியிலேயே இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். செயலாளரும், அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரும். நல்ல மனிதர்கள்தான். “அண்ணே, கழுத்தைப் பிடிச்சுக்கங்க” என்றார்கள். அவரால் ஒரு கையால்தான் பிடிக்க முடிந்தது. வாசலில் பக்கவாட்டில் திருப்பும்போது வேட்டி நிலையில் மாட்டித் தொடைவரை ஏறிவிட்டது. அவள் கையில் நாற்காலி இருந்தது. ஓடிவந்து இழுத்துவிட முடியவில்லை. எதிரில் கேமராவோடு ஒருவர் நின்றதை அப்போது கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வந்தவர்களைக் கணவர் திருப்பி அனுப்பிவிட்டார். “மனுஷங்களை ஏத்தி இறக்கறதுதான் எனக்கு வேலையா இருந்துச்சு” என்றார். “என்னை இப்படி ஏத்தி இறக்க வேண்டாம்.”

நேற்று இதழ் வந்தது. கழகச் செயல்பாடுகள் என்ற பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. இரண்டு பேரின் கைகளில் அவர். வெறுந்தொடை, கோணிய வாய், கண்களை இறுக மூடியிருந்தார். பின்னால் கதவு. கதவின் எண்கள் துல்லியமாக விழுந்திருந்தன. கீழே எழுதியிருந்தது: மூன்றாம் வீட்டின் அசல் கதவும் நிலையும், வாசல் அகலம் தெரியும்படி. அவ்வளவுதான். அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் வெறும் அளவுகோலாகியிருந்தார்.

அவள் இதழைக் கணவர் கண்ணில் படாமல் அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டு, கொத்தனாருக்குப் போன் செய்தாள். வாரியத்து அதிகாரிகள் வருவது ஞாயிறு. கொத்தனாரைச் சனிக்கிழமை காலையே வரச் சொன்னாள்.

இடது பக்க நிலை பெயர்ந்து தெருவில் விழுந்தபோது ஏழாவது வீட்டுக்காரி வந்து நின்றாள். இடுப்பில் ஈரத்துணி வாளி.

“என்ன பண்ற நீ?”

“பார்த்தா தெரியலையா?”

“நாளைக்கு அவங்க வர்றாங்க. ஒரு வீடு கெட்டா மொத்த வரிசையும் கெடும்னு நீதானே சொன்ன? என் கூரையை யாரு மாத்துவா, உன் கொத்தனாரா?”

“எனக்குக் கூரை வேலை தெரியாதும்மா” என்றார் கொத்தனார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

“உன் வீட்டுக்காரரைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு எத்தனை தடவை என் மகன் தூக்கியிருக்கான்? நாங்க முடியாதுன்னு சொன்னோமா?”

“சொல்லியிருக்கணும்” என்றாள் அவள். “எல்லாரும் முடியும் முடியும்னு சொன்னதாலதான் அவர் உள்ளயே கிடந்தாரு.”

ஏழாவது வீட்டுக்காரி வாளியை ஓங்கித் தரையில் வைத்துவிட்டுப் போனாள். வாளியை எடுத்துக்கொள்ள மறுபடி வந்து போனாள். கொஞ்ச நேரத்தில் தலைவரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. யார் சொன்னார்கள் என்று அவள் யோசிக்கவில்லை.

தலைவர் ஹெல்மெட்டோடேயே குனிந்து தெருவில் கிடந்த கட்டைகளைப் புரட்டினார். “எண் போட்ட பலகை எங்க? உடைச்சிட்டீங்களா?” கோபம் வந்தால் அவருக்கு மேல் பல்செட் தளரும். அதைச் செய்தவள் அவள்தான். இரண்டு முறை இறுக்கியும் கொடுத்திருக்கிறாள். “நீங்க எழுதினது. நீங்க கண்டுபிடிச்சது. நீங்களே இப்படி... படிக்காதவங்க பண்ற வேலை இது.”

“பல்லைப் பிடிச்சுக்கிட்டுப் பேசுங்க” என்றாள்.

“அக்கா, ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா வேற வழி பார்த்திருப்போம்.”

“கூட்டத்துல சொன்னேன். எல்லாரும் கை தூக்கினீங்க.”

“உதவி பண்றதுக்குத்தானே தூக்கினோம்!”

“அந்த உதவியைத்தான் படம் பிடிச்சுப் போட்டிருக்கீங்க. அவரு தொடையை ஊரே பார்த்தாச்சு. அவர் யாருன்னு போடக்கூட உங்களுக்குத் தோணலை. கதவுக்குத்தான் பேரு.”

அவருக்கு எந்தப் படம் என்று உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். இருட்டில் நாற்காலி தெரிந்தது. மறுபடி கட்டைகளைப் பார்த்தார்.

“சரி. நடந்தது நடந்துபோச்சு. கதவையாவது கழகத்துக்குக் குடுங்க. கண்காட்சியில வைக்கலாம்.”

“எடுத்துக்கிட்டுப் போங்க” என்றாள். “கனமா இருக்கும். ரெண்டு பேர் வேணும். முறை போட்டுக்கங்க.”

கொத்தனார் சிரிப்பை அடக்கக் கடப்பாரையை ஓங்கினார். தலைவர் தூசிக்கு விலகி நின்றார். கதவை ஸ்கூட்டரில் வைக்க முடியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் வாசல் அகன்றது. மேலே உத்தரம் நீளமாக ஓடியது நல்லதாகப் போயிற்று, தாங்கியது. கொத்தனார் வாசல்படியில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டார். அவள் செங்கல் தூளைப் பெருக்கிவிட்டு, உள்ளே போய் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளினாள். இடிக்கவில்லை. இரண்டு பக்கமும் கை நுழைகிற அளவு இடம் இருந்தது. தெருவுக்கு வந்து நின்றார்கள். வெயிலில் அவர் கண்களைச் சுருக்கிக்கொண்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்க்க முன்னால் வந்தாள்.

“ஒரு நாள் வேலை” என்றார் அவர். வாய் கோணலாக இருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன. “காலைல ஆரம்பிச்சு மத்தியானம் முடிஞ்சிடுச்சு. இல்ல?”

“ஆமா.”

“இதுக்கா ஒரு வருஷம் என்னை உள்ள வச்சிருந்த?”

கொத்தனார் சட்டியில் கலவையைக் கிளறினார்.

“அவங்க சம்மதிக்கணும்னு இருந்தியா? அவங்க கைதட்டுவாங்கன்னா?”

“தெரியலைங்க.”

“போடி” என்றார். நல்ல கையால் சக்கரத்தைத் திருப்ப முயன்றார். ஒரு பக்கம் மட்டும் சுழன்றதால் நாற்காலி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. அவள் பிடிக்கப் போனாள். “தொடாத” என்றார். அவள் கைகளை எடுத்துக்கொண்டு நின்றாள். அவராகச் சொல்லும்வரை தொடவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் வாரியத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். கழகத்தவர் கூட வந்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் போர்வை தொங்கியது. தலைவர் அங்கே வேலை நடப்பதாகச் சொல்லி நான்காவது வீட்டுக்கு அழைத்துப் போனார். பெட்டிப் பலகையின் கதையைச் செயலாளர் சொன்னார். மற்ற கதவுகளை அளந்துகொண்டார்கள். ஏழாவது வீட்டுக்காரி அவர்களைக் கூரையைப் பார்க்கச் சொன்னாள், பார்த்தார்கள். முடிவு தெரியச் சில மாதங்கள் ஆகும் என்றார்கள். அவள் வெளியே வரவில்லை. மத்தியானம் கணவரை வண்டி நிறுத்தம்வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினாள். மாலையில் கொத்தனார் வந்து இடது பக்கப் பூச்சை முடித்தார். புதுக் கதவு செய்யத் தச்சர் செவ்வாய்க்கிழமைதான் வர முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.