இரண்டு பங்காளிகள், ஒரே சீட்டு

2024 பிப்ரவரி 20, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். காற்று அறவே இல்லை. பசுமலைக்கு மேலே வானம் வெளுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டு மாடியறையில், மருமகனின் கணினித் திரையில், ஐம்பத்திரண்டு சோதனைகளில் தேறிய ஐம்பத்தொன்று பச்சை, தேறாத ஒன்று சிவப்பு.

மருமகன் என்றால் என் அக்கா மகன். சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, திருமங்கலத்தில் ஒரு பாயின் பருத்திக் கமிஷன் கடைக்குக் கணக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் கணக்கெழுதியவன் நான். சோதனைத் தரவை எழுதித் தருவது என் பங்கு. கற்பனை விவசாயிகள், கற்பனை மூட்டைகள். புரோகிராமைத் தடுமாற வைக்கிற ஆட்களாகப் பார்த்து எழுதுவேன்.

முதலில், ஒரு விவசாயியின் வரையறையில், அதாவது அவர் பெயர், இனிஷியல், ஊர் எழுதிய குறிப்பில், ஓர் எழுத்தை மாற்றினாலும் எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஓட்ட வேண்டும். அதற்கு நாற்பது வினாடி. நான் நச்சரித்த நச்சரிப்பில், வரையறைகள் தாமாகவே மறுபடி ஏறும்படி செய்துகொடுத்தான். ஃபைலைச் சேமித்தால் போதும், ஓடுகிற புரோகிராம் பழைய ஆட்களை உதறிவிட்டுப் புதிய ஆட்களை எடுத்துக்கொள்ளும். சோதனைகளும் தாமாக ஓடி நிறம் காட்டும்.

"இனி உங்க புலம்பலைக் கேக்க வேணாம் மாமா" என்றான். எனக்காகவே செய்தான் என்று அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

அன்று சிவப்பாக நின்றது நான் எழுதிய இரண்டு பங்காளிகள். எங்கள் பக்கம் தலைமகனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். அண்ணன் தம்பி இருவர் வீட்டிலும் தலைமகன் பிறந்தால் இருவருக்கும் அதே பெயர். அப்பன்மார் பெயர் ஒரே எழுத்தில் தொடங்கினால் இனிஷியலும் ஒன்று. ஊரும் ஒன்று. மேலவீட்டுக்காரர், கீழவீட்டுக்காரர் என்று கடையில் வாயால் பிரித்துச் சொல்வார்களே தவிர, எதிலும் எழுத மாட்டார்கள். புரோகிராமோ பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டது.

"மாப்ள, இது சிவப்பா இருக்கையில பாய்கிட்ட கொண்டுபோகக் கூடாது."

"சரி பண்றேன் மாமா. டேங்க் வழியுது பாருங்க, கீழ போயி மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு வாங்க."

இறங்கிப் போனேன். மோட்டார் ஓடவே இல்லை. திரும்ப ஏறி வந்தபோது ஐம்பத்திரண்டும் பச்சை.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் மாமா."

நான் எழுதிய ஆட்களை நானே திறந்து பார்க்கவில்லை. நம் கையால் எழுதியதை யார் சரிபார்ப்பார்கள்?

மறுநாள் கடையில் பாய் முதலில் கேட்டதே இதைத்தான். "நம்மகிட்ட அப்படி ரெண்டு பேரு வாராங்க பெரியவரே. கிணத்துத் தகராறுல பேச்சுவார்த்தையே கிடையாது. ஒருத்தன் காசு மத்தவன்கிட்ட போச்சுன்னா என் கடை வாசல்லதான் ரகளை."

"போகாது பாய். போச்சுன்னா என்னையக் கேளுங்க, நான் தாரேன்."

அடுத்த வாரமே இருவரும் ஒரே காலையில் பருத்தி கொண்டுவந்தார்கள். இரண்டு பேர் மூட்டைகளும் ஒரே சீட்டில் விழுந்தன. மேலவீட்டுக்காரர் மொத்தப் பணத்தையும் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார். கீழவீட்டுக்காரருக்குச் சீட்டே இல்லை. ஆள் அனுப்பிக் கேட்டதற்கு மேலவீட்டுக்காரர் சொன்னாராம்: "சீட்டுல எம்பேரு, எங்கப்பன் எழுத்து, எங்க ஊரு. நான் எதுக்குத் திருப்பித் தரணும்?"

பாய் போன் செய்ததும் நானும் மருமகனும் பஸ் பிடித்துப் போனோம். கீழவீட்டுக்காரர் தராசுக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். நான் பாயிடம் வாதாடினேன். கடைக்காரப் பிள்ளைகள்தான் ஏதோ தப்பாகத் தட்டியிருக்க வேண்டும் என்றேன். "இதே மாதிரி ரெண்டு பேரை நானே எழுதி வச்சுச் சோதிச்சோம் பாய். பச்சை காட்டுச்சு. கேளுங்க இவனை."

அவன் செல்போனையே தடவிக்கொண்டிருந்தான். பிறகு, மழை பெய்யுமா என்று கேட்கிறவன் மாதிரி சொன்னான்: "அன்னைக்கு ரெண்டாவது ஆளோட ஊரை மட்டும் டி. கல்லுப்பட்டின்னு மாத்தினேன் மாமா. சேவ் பண்ணதும் பச்சையாயிருச்சு. புரோகிராமை அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"யா அல்லா!" என்றார் பாய். "புரோகிராமைத் திருத்தச் சொன்னா ஆளையே ஊரு மாத்திட்டியா தம்பி?"

கடையில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். கீழவீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "ஐயா, என் பருத்திக்கு யாரு காசு தாரது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எனக்காகச் செய்து தந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்ன வசதியை வைத்தே, என்னை மாடியிலிருந்து இறக்கிவிட்டு, என் ஆளை மாற்றியிருக்கிறான். நிறுத்தி ஓட்டும் பழைய முறையாக இருந்தால் நான் திரும்பி வரும்போது இன்னும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். என்ன மாற்றினாய் என்று கேட்டிருப்பேன். அதைவிட, அவனுக்காக நான் மற்றவர் வீட்டுப் பிள்ளைகள்மேல் பழி போட்டதை, அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தானே, அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

சொன்ன சொல் என்னுடையது. வங்கிக்குப் போய் எடுத்து வந்து, கீழவீட்டுக்காரர் கையில் எண்ணி வைத்தேன். 312 கிலோ, கிலோ 68 ரூபாய், ஆக 21,216. அவன் பைக்குள் கை விடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான் இரண்டு டிக்கெட் எடுத்தேன். அவன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டான். இரண்டுக்கும் சேர்த்து நாற்பது ரூபாய். மொத்தம் 21,256.