பட்டைப் போரில் இருந்த துவரன்கள்

ஆவாரம்பட்டை வெயிலில் காயும்போது வருகிற வாசனை, ஆம்பூரைக் கடந்து போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த நாற்றமல்ல. கசக்கிய புளியங்கொழுந்தும் மழையில் நனைந்த மரக்கதவும் சேர்ந்தாற்போல, நாக்கின் அடியில் லேசாகத் துவர்க்கும் ஒரு வாசனை. என் அப்பா அங்கே ஒரு சாயபுவின் தோல் மண்டியில் பட்டை எடை போடும் வேலையில் இருந்தார். தோல் பதம் போடுவதற்காக மலையிலிருந்து மாட்டு வண்டிகளில் வந்து இறங்கும் பட்டையை வைக்கோலை அடுக்குவது போல ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைப்பார்கள். அதற்குப் 'பட்டைப் போர்' என்று பெயர். அந்தப் போர்களுக்குள்தான் துவரன்கள் குடியிருந்தன.

துவரன் என்று சொன்னால் இப்போது கேட்கிறவர்கள் ஓணானா, அரணையா என்கிறார்கள். இரண்டும் இல்லை. ஒன்றரைச் சாண் நீளம், தட்டைத் தலை, தேய்ந்த உளி போல முனை மழுங்கிய வால். குஞ்சு முளைகட்டிய பயறு மாதிரி வெளுப்பாக இருக்கும். பட்டைக்குள் கிடந்து கிடந்து வருஷத்துக்கு வருஷம் சிவந்து, கிழடானால் பழைய செருப்பின் நிறத்துக்கு வந்துவிடும். பட்டையைத் துளைக்கும் வண்டுதான் அதற்கு ஆகாரம். உச்சிப்பொழுதில் ஆட்கள் சாப்பிடப் போனதும் தோல் ஊறும் தொட்டியின் விளிம்புக்கு வந்து பட்டைத் தண்ணீரை நக்கிக் குடிக்கும். சத்தம் என்பதே கிடையாது. ஆனால் அதன் காதுத் துளைகளின் மேல் சின்ன மூடி போல ஒரு தோல் உண்டு. பக்கத்தில் யாராவது பேசினால் அது திறக்கும், பேச்சு நின்றதும் மூடிக்கொள்ளும். சாயபு வீட்டுப் பிள்ளைகள் அதை 'லால் மியான்', அதாவது சிவப்பு ஐயா, என்று கூப்பிட்டார்கள்.

பட்டை வண்டியோடு மண்டிக்கு வரும் மலைக்காரர்களிடம் அதைப் பற்றி ஒரு கதை இருந்தது. எல்லா ஜீவனுக்கும் கடவுள் குரல் பங்கிட்ட நாளில் துவரன் வெட்கப்பட்டுக் கடைசியில் நின்றதாம். அதன் முறை வருவதற்குள் குரல் தீர்ந்துபோனதாம். மனசு கேட்காமல் கடவுள் காதை மட்டும் கூடுதலாகக் கொடுத்தாராம். ஆகையால் பேச்சு வராத பிள்ளையை அதன் எதிரில் உட்கார வைத்தால் பேச்சு வந்துவிடும் என்பார்கள். பங்குனி வெயிலில் அது உரித்துப் போடும் சட்டை காலுறை மாதிரி முழுசாக வரும், எத்தனை வருஷமானாலும் மக்காது, பூச்சி அரிக்காது. எங்கள் தெருப் பெண்கள் அதில் தையல் ஊசி போட்டு வைத்திருந்தார்கள். என் அம்மா ஒன்றைக் கயிறாகத் திரித்து என் மணிக்கட்டில் கட்டியிருந்தாள்.

ஏனென்றால் நான் பேசாத பிள்ளை. எட்டு வயதிலும் வீட்டுக்குள் அம்மாவிடம் மட்டும் கிசுகிசுப்பேன். வாசலைத் தாண்டினால் வாய் திறக்காது. மிஷன் பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டால்கூட நின்றுகொண்டே இருப்பேன், பிள்ளைகள் 'ஊமைக்கோட்டான்' என்று சிரிக்கும். எனக்குப் பேச்சு வரவேண்டும் என்று அம்மா ஞாயிறு தவறாமல் கோயிலில் முழங்காலில் நின்றாள். மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் வேலையை என்னிடம் கொடுத்ததும் அதற்காகத்தான். அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை நான் போரடியில் உட்கார்ந்து ஒரு கிழட்டுத் துவரனிடம் வாய்ப்பாடு சொன்னேன், வேத வசனம் சொன்னேன், தெருவில் நடந்த சண்டைகளைச் சொன்னேன். அது காதைத் திறந்து வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்கும்.

அப்படிப் பழகியதில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. துவரன்கள் மலையில் முட்டையிட்டுப் பட்டை வண்டியோடு வந்து சேருகின்றன என்றுதான் மண்டியில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் கொல்லைப்பக்கத்துப் பழைய போருக்குப் பின்னால், விரிசல் விட்ட செங்கல் சுவருக்குள் அவை கூட்டமாக ஒண்டியிருந்தன. முட்டைகள் கல்லோடு கல்லாக வரிசையாக ஒட்டியிருந்தன.

ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் இருக்கும், பட்டணத்திலிருந்து ஒரு ஏஜெண்டு வந்தார். சீமையில் பெண்கள் பல்லித் தோலில் பூட்ஸ் போடுகிறார்கள், கைப்பை வைத்துக்கொள்கிறார்கள் என்றார். சாயபு உடனே போர்களைப் பிரிக்கச் சொன்னார். காலையெல்லாம் பிரித்தும் மூன்றுதான் அகப்பட்டன. நான் சோற்றுத் தூக்கோடு போய் நின்றபோது, சாயபு, ஏஜெண்டு, அப்பா, சுண்ணாம்புக் குழி மேஸ்திரி நான்கு பேரும் அந்த மூன்றையும் கூடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மூணு தோல வெச்சிக்கினு இன்னா பண்றது, பாய்? ஒரு ஜோடி செருப்புக்குக் காணாது" என்றார் ஏஜெண்டு.

மேஸ்திரி என்னைப் பார்த்துக் கேலியாகச் சொன்னார். "எங்கள கேட்டா? தோ நிக்குதே எடைக்காரர் பொண்ணு, அதுதான் லால் மியானுக்கு தோஸ்த்து. தெனம் குந்திக்கினு ஊர்க்கத பேசுது."

ஏஜெண்டு குனிந்தார். "இன்னா பாப்பா, எங்க கீது அதுங்கல்லாம்?"

அப்பா அவசரமாகக் குறுக்கே வந்தார். "அது பேசாது சார். கொழந்தையிலேர்ந்தே அப்படித்தான்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார், அதை நான் பார்த்துவிட்டேன்.

"பழைய போருக்குப் பின்னால, ஒடஞ்ச செவுத்துக்குள்ள இருக்குது" என்றேன். "முட்டையும் அங்கதான் இருக்குது."

என் குரல் அத்தனை சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. சாயபு "மாஷா அல்லா" என்று என் தலையில் கை வைத்தார். அப்பா சாப்பிடவில்லை, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு, வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினார். அம்மா அழுதாள். சாயங்காலம் சாயபு வீட்டிலிருந்து ஒரு தட்டு அல்வா வந்தது. எல்லாரும் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள், நானும் பேசினேன். மண்டியில் சுவரை இடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைவு அன்று முழுவதும் எனக்கு வரவில்லை.

மறுநாள் போனபோது சுவர் இருந்த இடத்தில் செங்கல் குவியல் கிடந்தது, முட்டைகளை மிதித்திருந்தார்கள். உரித்த தோல்கள், மயிர் கழல ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிக்குள் போய்விட்டன. மூன்றாம் நாள் மேஸ்திரி கழியை விட்டுத் தூக்கினார். தோல் வரவில்லை, குழைந்துபோன சேமியா மாதிரி இழை இழையாகக் கழியில் தொங்கியது. பட்டையிலேயே கிடந்து, பட்டைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிராணியின் தோல் உயிரோடிருக்கும்போதே பதமாகிவிட்ட தோல் என்பதும், அதற்குச் சுண்ணாம்பு ஆகாது என்பதும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மக்காத சட்டை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது; பதம் போடுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஊர் அது.

"முப்பது வருசமா எந்தத் தோல் வந்தாலும் மொதல்ல சுண்ணாம்புதான்" என்றார் மேஸ்திரி, யாரையும் பார்க்காமல். "கை தன்னால பூட்ச்சி."

ஏஜெண்டு அன்றைக்கே ரயிலேறினார். அதற்குப் பிறகு வந்த பட்டை வண்டிகளில் ஒரு துவரனும் வரவில்லை. அவை மலையிலிருந்து வந்தவையே இல்லை என்று அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. என்னை யாரும் குறை சொல்லவில்லை. அம்மா சாகும்வரை, வருகிறவர்களிடமெல்லாம் எனக்கு வாய் திறந்த நாள் என்று அந்த நாளைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். நான் ஒரு தடவைகூட அவளை மறுத்துப் பேசவில்லை.

இப்போது ஆவாரம்பட்டை வண்டிகளும் இல்லை. ஏதோ மருந்துத் தண்ணீரில் ஒரே நாளில் பதம் போட்டுவிடுகிறார்களாம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஆம்பூர் போனவள், ஸ்டேஷனிலிருந்து நடந்து அந்த மண்டி இருந்த இடத்துக்குப் போனேன். பூட்ஸ் கம்பெனியின் இரும்பு கேட் போட்டிருந்தது. காவலுக்கு இருந்த பையன் மரியாதையாக எழுந்து வந்து, "யாரப் பாக்கணும்மா?" என்று கேட்டான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றான். ஒன்றுமில்லை என்று கையால் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தேன்.