மடை திறந்த செவ்வாய்

தென்கோளத்தின் அந்த மலையூரில், ஏப்ரலில் இலையுதிர்காலம் வந்து திராட்சைக் கொடி சிவந்ததும் எடெல்மிரா தக்காளிச் செடிகளைப் பிடுங்கி எறிந்துவிடுவாள். கணவன் போன பிறகு அவளுடைய குளிர்காலச் சாப்பாடே வீட்டுக்குப் பின்னாலிருந்த அந்தத் துண்டு நிலம்தான். பூண்டு, பட்டாணி, முட்டைக்கோஸ், கீரை.

மலையிலிருந்து வரும் வாய்க்காலில் செவ்வாய்க்கிழமை காலை அவள் முறை. மதியத்துக்கு மேல் கீழ்வீட்டுத் தங்கை சுனில்டாவின் முறை. ஒருத்தி மடையைத் திறக்காவிட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்த ஊரில் யாரும் தன் முறையை விட்டதில்லை.

போன வாரம் தண்ணீர் சாம்பல் கரைத்ததுபோல் வந்தது. மறுநாள் மண்புழுக்கள் பாத்தியை விட்டு வெளியேறிச் செத்துக் கிடந்தன. பட்டாணித் தளிர்கள் ஓரம் கருகியிருந்தன. மலைக்கு மேலே சுரங்கத்தின் கழிவுக்குளம் இருக்கிறது. வாய்க்கால் காவலரிடம் போய்ச் சொன்னாள்.

“மேல மழை பெஞ்சிருக்கும் சென்யோரா. சேறு, அவ்வளவுதான்,” என்றார் அவர்.

மலையில் ஒரு துளி மழை இல்லை.

இந்தச் செவ்வாயும் அதே நிறம். எடெல்மிரா மடையை மூடியே வைத்தாள். தண்ணீர் கீழே ஓடியது. சுனில்டா மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

“என்னக்கா, மகாராணிக்குத் தண்ணி வேண்டாமா? நான் எடுத்துக்கறேன்!”

“தொறக்காதடி! தண்ணி கெட்டுப்போச்சு. புழுவெல்லாம் சாகுது.”

“புழுவுக்கு ஒப்பாரி வைக்கணுமா? போன வருஷம் என் முட்டைக்கோஸ் பெருசா வந்துச்சே, அந்த வயித்தெரிச்சல் உனக்கு.”

“உன் மக புள்ளத்தாச்சி. தினம் இந்தக் கீரையைத்தானே திங்கறா?”

“தின்னுட்டு நல்லாத்தான் இருக்கா. நீ வாய வைக்காத!”

சுனில்டா தன் மடைப்பலகையில் கை வைத்தாள். எடெல்மிரா தன் மடைப்பலகையை ஒரே இழுப்பில் பிடுங்கி, வாய்க்காலுக்குக் குறுக்கே செருகினாள். தண்ணீர் முழுவதும் அவள் பாத்திகளுக்குள் திரும்பியது; கீழே ஒரு சொட்டும் இறங்கவில்லை. நேற்று ஊன்றிய பூண்டு, தழைத்து வந்த கீரை, எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிறம் ஏறியது.

“அடி திருடி! வேண்டாம்னுட்டு இப்ப மொத்தமா முழுங்கறியா?”

எடெல்மிரா பாத்தி ஓரத்தில் குனிந்தாள். துருப்பிடித்த ஆணியின் வாடை அடித்தது. பூண்டு வரிசைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் புழுக்கள் மேலே வரத் தொடங்கின. இந்தக் குளிர்காலத்துக்கு இனி எதுவும் இல்லை.

மதியத்தோடு அவள் முறை முடிகிறது; அதுவரைதான் அவள் நிலத்தால் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க முடியும். சுனில்டா வீட்டுக்குப் போகவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தன் மடையருகே உட்கார்ந்து, மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.