அளவுக்கு வைத்த ரத்தம்

ஈப்போவில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்குச் சன்னாசி சேர்ந்தது 1971 மார்ச் முதல் தேதி, திங்கட்கிழமை. அதற்கு முந்தின ஆண்டுதான், செமோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மலேசியக் குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரரான அவர் அண்ணன் பெண்டு பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார். குடியுரிமைக்கான நீல அட்டை வைத்திருந்த சன்னாசி தங்கிவிட்டார். புந்தோங்கில் ஓர் அறை, ஒரு பாய், ஒரு தட்டு.

ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டேகால் மணிக்கு அந்தக் கூடம் அவரை நம்பித்தான் இருந்தது. ரத்தத்தை மெல்லிய குழாயில் ஏற்றித் தாங்கியில் நேராக நிமிர்த்தி வைத்தால் சிவப்பு மெல்லக் கீழே படியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதே கணக்கு. உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் அளவுக்கென்று பக்கத்தில் வைப்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அது சன்னாசியின் ரத்தம். ஆறு, ஏழு, ஆறு, ஐந்து. பதிவேட்டில் முதல் வரி அவர் பெயர்.

"கைய நீட்டுங்கண்ணே. நீங்க இல்லாட்டி கடையே தொறக்க முடியாதுலா," என்பார் டெக்னீஷியன் ஜெயபாலன்.

வாரத்தில் ஒரு மனிதர் அவரைத் தொடுவது அந்த ஒரு தடவைதான்.

1983 ஜூன் 6: பத்தொன்பது. ஜூன் 13: இருபத்தேழு.

"தாங்கி சாஞ்சிருக்கும் தம்பி. சாஞ்சா வெரசா எறங்கும்," என்று சன்னாசி காகிதத்தை மடித்துத் தாங்கியின் அடியில் சொருகினார். ஜூன் 20: முப்பத்தைந்து. அதே தாங்கியில் மற்றவர்களின் குழாய்கள் ஒழுங்காகவே இருந்தன. மாடிப்படியில் நெஞ்சை அடைப்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஜெயபாலன் டாக்டரிடம் அனுப்பினார். கொலஸ்ட்ரால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"கொழுப்பு நல்லாத்தான் இருக்கு," என்றார் டாக்டர். "மத்தது, அந்த எறங்குற கணக்கு, உள்ள எங்கயோ பொகையுதுன்னு காட்டும். எங்கன்னு காட்டாது. சளி, பல்லு வலி? நெஞ்சு வலி?"

"ஒண்ணும் இல்லைங்க."

வலி என்று சொன்னால் அவர் நோயாளி. நோயாளியின் ரத்தத்தை யார் அளவுக்கு வைப்பார்கள்?

ஜூன் 27 அன்று ஜெயபாலன் தன் சட்டைக் கையைத்தான் மடித்தார். "இன்னிக்கி என்னுது. கோவிச்சுக்காதீங்கண்ணே."

சன்னாசியே அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டார். பிறகு பதிவேட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, முதல் வரியில் இருந்த தன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். இனி மறைக்க எதுவும் மிச்சமில்லை.

"தம்பி, மூணு வாரமா நெஞ்சு வலிக்குது," என்றார். "இப்பவும்."

மாரடைப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, படிவத்தில் நெருங்கிய உறவு என்ற இடத்தில் எழுதுபவரின் பேனா நின்றது. பரிசோதனைக் கூடத்தின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார் சன்னாசி.

ஜூலை 4, திங்கட்கிழமை. எட்டேகாலுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு படுத்திருந்தார். வார்டு மிஸ்ஸி மருந்து வண்டியோடு கடந்து போனாள். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஏழு பேர் வந்து போனார்கள். மடித்த கையை அவர் இறக்கவில்லை.

மாலை ஐந்தரைக்கு ஜெயபாலன் வந்தார். நாற்காலி இல்லாததால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னிக்கி என்னுது நாலுண்ணே."

சன்னாசி தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தாங்கி நேரா இருந்துச்சா?"