சார்ஜ் எடுத்த திங்கட்கிழமை

விருதுநகரில் மூன்று வருடம் ஆங்கில இலக்கியம் படித்ததில் உருப்படியாக என் மனதில் தங்கியது ஒரே ஒரு சொல்லின் பூர்வீகம்தான். சார்ஜ். லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு வழியாக வந்து, முதலில் வண்டியில் பாரம் ஏற்றுவதைத்தான் குறித்ததாம். அப்புறம் எங்கெல்லாம் பாரம் ஏறுகிறதோ அங்கெல்லாம் அந்தச் சொல்லும் ஏறிக்கொண்டது. துப்பாக்கிக்குள் மருந்து ஏற்றினால் சார்ஜ். மின்சாரம் ஏறினால் சார்ஜ். ஒருவர் தலையில் குற்றத்தை ஏற்றினாலும் சார்ஜ், பொறுப்பை ஏற்றினாலும் சார்ஜ். காரும் கார்கோவும் கூட அதே வண்டியின் பிள்ளைகள்தான்.

படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குப் போய் அகராதி எதற்கு? எங்கள் ஊரில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வாயில் கூட இந்தச் சொல் நாளெல்லாம் புழங்குகிறது. பஸ் சார்ஜ் ஏறிவிட்டது என்று திட்டுவார்கள். போனில் சார்ஜ் நிற்க மாட்டேன் என்கிறது என்பார்கள். சீசன் நேரத்தில் ஆர்டர் நெருக்க, பட்டாசு ஆலையில் வேலை முடிந்து வேனில் ஏறும் பெண்கள், "சார்ஜ் எறங்கிருச்சுடி, என்னைய வீட்டுல கொண்டுபோய்ச் சொருகி விடு" என்று ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்வார்கள்.

எங்கள் வீட்டுக்குள் அது வேறு விதமாக வந்தது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். அம்மாவின் தங்கை, என் சித்தி, வேலை பார்த்த பட்டாசு ஆலை வெடித்துவிட்டது. தீபாவளி விடுமுறை முடிந்து, நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டுத் திறந்த அன்றைக்கே வெடித்தது. எதனால் என்று கடைசி வரை யாருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்க வந்த ஆண்கள் பந்தலில் உட்கார்ந்துகொண்டு, "சார்ஜ் ஷீட் போட்டாச்சா?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். அம்மா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. காரியம் முடிந்ததும் தான் வேலை பார்த்த பட்டாசு ஆலைக்கே திரும்பிப் போய்விட்டாள். எங்களுக்கு நிலம் கிடையாது, அவளுக்கு வேறு வழியும் தெரியவில்லை.

டீச்சர் வேலைக்கு அலைந்து அலுத்து, நானும் அம்மாவின் ஆலைக்குத்தான் போனேன். வெம்பக்கோட்டைப் பக்கம் இருக்கிறது. ஆபீசில் பில் போடும் வேலை. ஒரு சீசன் முடிந்ததும் முதலாளி கூப்பிட்டு, மருந்து அறைகளுக்கு இன்சார்ஜாக இருக்கிறாயா என்று கேட்டார். வெடிக்குள் மருந்து செலுத்தும் அறைகள் அவை. அந்த ஆலையில் அதுவரை அந்தப் பொறுப்பில் பெண்கள் இருந்ததில்லை. பயிற்சிக்கு அனுப்பினார்கள், முடித்துவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அந்த வேலைக்கு அது வேண்டியதுதான் என்று அம்மாவே சொன்னாள்.

அறை வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகுமுன் அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். உடுத்துவது நூல் சேலையாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் உரசினால் பொறி கிளம்பலாம், மருந்துக்கு அது போதும். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

நான் சார்ஜ் எடுத்தது ஒரு திங்கட்கிழமை. விடுமுறை முடிந்து ஆலை திறக்கும் நாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெண்களில் யாருக்கு சர்வீஸ் அதிகமோ அவர்தான் நல்ல நேரத்தில் மருந்து அறைக்குள் முதல் காலை எடுத்து வைத்து, சுவரில் சந்தனம் தொட்டு வைத்து, வேலையைத் தொடங்குவார். அவளுக்கு மூத்தவர்கள் வேலையை விட்டு நின்றுவிட, அந்த வருடம் அது அம்மாவின் முறை. வாரக்கணக்காகத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

வேன் வந்து நின்றது. இறங்கிய அத்தனை பேரும் ஒரே மயில் நீலச் சேலை. தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த சேலை. முதலாளிக்கு மரியாதையாக அதை மடிப்புக் கலையாமல் வைத்திருந்து, திறப்பு நாளில்தான் உடுத்துவார்கள். சரிகை போட்ட சுத்த பாலியெஸ்டர்.

நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "சேலைய மாத்தாம ஒருத்தரும் உள்ள வரக்கூடாது."

"ஏ புள்ள, இது கம்பெனி குடுத்த சேலைடி. மொதலாளிக்கு இல்லாத வெசனம் ஒனக்கு எதுக்கு?" என்றாள் ஒரு மதினி.

"இன்சார்ஜம்மாவுக்குச் சார்ஜ் கூடுதலா ஏறிப்போச்சு" என்று பின்னால் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

போர்மேன் அண்ணாச்சி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "பூசை அன்னிக்கு மட்டும்தானம்மா. தகட்டுல கைய வச்சுட்டுப் போகட்டும். வருசா வருசம் இப்படித்தான் போறாக. நேரம் போகுதுல்ல."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மா வந்தாள். கையில் சந்தனக் கிண்ணம், தலை நிறையப் பூ.

"வழிய விடு."

"மாத்திட்டு வாம்மா."

"வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சிரும். நான் எம்புட்டு வருசமாக் காத்துக் கெடந்தேன்னு ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் அவளை உள்ளே விட்டுவிட்டால் அப்புறம் வேறு யாரையும் என்னால் நிறுத்த முடியாது. இன்றைக்கு மட்டுமல்ல, இனி என்றைக்குமே முடியாது. அவள் என்னை அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஒன்னையும் விடமாட்டேன்" என்றேன்.

அம்மா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். திரும்பிப் போய் வேனில் ஏறி உட்கார்ந்தாள். மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே அவள் பின்னால் போனார்கள்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். "இவுகளை இந்தச் சேலையோட உள்ள விடணும்னா என்னைய இன்சார்ஜ்ல இருந்து எடுத்துருங்க." நான்கு பேர் பார்க்க, அவர் கொடுத்த சேலையைப் பற்றி அவரிடமே சொல்கிறேன். அவர் முகம் சுண்டிவிட்டது. போகிற வேனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போய்விட்டார். எடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

வேன் திரும்பி வந்தபோது எமகண்டம் தொடங்கிவிட்டது. எல்லோரும் வெளுத்துப் போன பழைய நூல் சேலையில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் வாசலுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டார்கள். எமகண்டத்தில் யார் முதல் காலை வைப்பது? நாளைக்கு நல்ல நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் போர்மேன். ஒரு நாள் கூலியும் போச்சே என்று எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உள்ளே போங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அம்மா மட்டும் நடந்து வந்தாள். குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குழாயில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.

"எமகண்டம், மதினி" என்று தூரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "எந்தங்கச்சி நல்ல நேரத்துலதான் உள்ள போனா."

அம்மா செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே வைத்திருந்தாள். பிறகு முந்தானையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தொட்டுப் பாத்துக்க. நூல் சேலைதான்."

தொட்டுப் பார்த்தேன். விலகி நின்றேன். அம்மா வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள்.