ஆயுத பூஜைக்கு வந்த முயல் விளக்கு

செங்கல்பட்டு பக்கம், ஏற்றுமதிக்கு மின்விளக்கு செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பொருள்களில் நச்சு உலோகம் இருக்கிறதா என்று நான்தான் சோதிப்பேன். ஒருமுறை குழந்தைகளுக்கான, முயல் வடிவ விளக்கு சோதனைக்கு வந்தது. அதன் ஒயர் உறையில் காரீயம் அளவுக்கு மீறி இருந்தது. ஃபெயில் போட்டேன்.

மேனேஜர் சண்டை போடவில்லை. "சரிம்மா, வெளிநாட்டுக்கு அனுப்பல. ஆயுத பூஜைக்கு ஸ்டாஃபுக்குக் குடுத்துடலாம்" என்றார். ரிஜெக்ட் ஆனதை எங்களுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம்தான்.

பூஜையன்று பொரி, ஸ்வீட் பாக்ஸ் பக்கத்தில் அந்த விளக்குகள் வரிசையாக இருந்தன. பேக்கிங்கில் இருக்கும் என் தோழி செல்வி ஆசையாக ஒன்றை எடுத்தாள். நெம்மேலியில் வீட்டில் இருக்கும் அவள் மகளுக்கு, கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு.

எனக்குப் பொறுக்கவில்லை. கட்டரை எடுத்து, ஒவ்வொரு விளக்காக ஒயரை அடியோடு வெட்டினேன். செல்வி கையிலிருந்ததையும் பிடுங்கி வெட்டினேன்.

"பைத்தியமாடி உனக்கு? ஃபெயிலானா இன்னா, நல்லாத்தானே எரியுது!"

"எரியும். கொயந்த அந்த ஒயர வாயில வெச்சா வெசம்டி."

"யாரைக் கேட்டு வெட்டுற?" என்று மேனேஜர் கத்தினார்.

"வெள்ளக்காரன் கொயந்தைக்கு ஆவாதது எங்க கொயந்தைக்கு மட்டும் ஆவுமா சார்?"

பதிலுக்கு மெமோதான் வந்தது. வாங்கிக்கொண்டேன், மன்னிப்பு எழுதித் தரவில்லை.

பண்டிகையைக் கெடுத்தவள் என்று செல்வி இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். அவள் மகள் வாயில் அந்த ஒயர் இல்லை.